பதினான்கு மாதம் காணோம்: ‘அசல் உத்தரவு இல்லாமல் முடியாது’ என்கிற ஆபீசில் என்ன செய்வது?

புதுசீட் · திங்கள், இரவு 10.15

குரூப் 4 எழுதி, தென் மாவட்டம் ஒன்றில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகிறது. துறை பெயர் வேண்டாம். ஊழியர்களின் பணி விவரங்களைப் பார்க்கிற பணியமைப்புப் பிரிவில் உட்காரவைத்திருக்கிறார்கள். பவானிசாகரில் நடக்கும் அரசு ஊழியர் அடிப்படைப் பயிற்சிக்கு இன்னும் அழைப்பு வரவில்லை, அதனால் தகுதிகாண் பருவமும் முடிந்தபாடில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ‘நேராகப் போய்ச் சண்டை போடு’ என்று யாராவது எழுதுவீர்கள், தெரியும்.

எங்கள் இரவுக் காவலர் வருகிற மே 31 அன்று ஓய்வு பெறுகிறார். 1995 மார்ச்சில் சேர்ந்தவர், பழைய ஓய்வூதியக்காரர். ஓய்வூதியக் கருத்துரு ஆறு மாதத்துக்கு முன்பே மாநிலக் கணக்காயர் அலுவலகத்துக்குப் போயிருக்க வேண்டும். எனக்கு முன்னால் இந்த சீட்டில் இருந்தவர் பணிப்பதிவேட்டைத் தொடவே இல்லை. நான் எடுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டினால், 1998 பிப்ரவரியிலிருந்து 1999 மார்ச் வரை பணி சரிபார்ப்புப் பதிவு, அதாவது அவர் பணியில் இருந்தார் என்று சான்று சொல்லும் வரி, இல்லை. அதற்கு முன்னால் இருக்கிறது, பின்னால் இருக்கிறது. நடுவில் பதினான்கு மாதம் வெறும் தாள்.

அவரைக் கேட்டேன். “அப்ப என்னைய பக்கத்து ஊர் கிளை ஆபீசுக்கு மாற்றுப்பணியில அனுப்பிட்டாங்க சார். அங்க வாட்ச்மேன் செத்துப்போயிட்டாரு, ஆள் இல்ல” என்றார். என்னைவிட முப்பத்தைந்து வயது மூத்தவர், சார் என்றுதான் கூப்பிடுவார். வேண்டாம் அண்ணே என்றாலும் கேட்க மாட்டார்.

கண்காணிப்பாளரிடம் போனேன். மாற்றுப்பணி உத்தரவின் அசல், விடுவிப்பு அறிக்கை, பணியேற்பு அறிக்கை மூன்றும் இருந்தால்தான் பதிவு போட முடியும் என்றார். கிளை அலுவலகத்துக்கு எழுதினேன். பதில் இல்லை. நினைவூட்டு போட்டேன். பதில் இல்லை. நேரில் போனேன். “98ஆ? அதெல்லாம் அழிச்சாச்சு தம்பி.” சரி, அழித்துவிட்டோம் என்று ஒரு கடிதமாவது கொடுங்கள் என்றால், அதற்குக் கோப்பு எண் வேண்டுமாம். கோப்பு எண் எங்கே இருக்கும்? அந்தக் கோப்பில்.

எங்கள் அலுவலகத்திலேயே பழைய பதிவேடு ஏதாவது கிடைக்குமா என்று பார்க்கலாம் என்றால், பதிவறை எழுத்தர் பணியிடம் காலி. சாவி கணக்குப் பிரிவு உதவியாளரிடம். அவர், “இது பணியமைப்பு வேலை, கணக்குக்கு என்ன சம்பந்தம்? என் சீட் இல்லை” என்கிறார். நான்கு தடவை கேட்டாயிற்று. நான்கு தடவையும் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டேதான் பதில்.

இதில் உச்சம் என்னவென்றால், முப்பது வருடப் பணி இருந்தால் முழு ஓய்வூதியம். இந்தப் பதினான்கு மாதத்தைச் சேர்த்தால் அவருக்கு முப்பது தாண்டுகிறது. விட்டால் இருபத்தொன்பது. அடிப்படை ஓய்வூதியம் உத்தேசமாக 20,000 என்று வைத்தால் மாதம் 666 ரூபாய் குறையும், அகவிலைப்படி தனி. நேற்று ஒரு சக ஊழியர் டீ குடித்துக்கொண்டே, “அறுநூத்தி அறுபத்தாறு ரூபாய்க்கா இந்த ஓட்டம் ஓடுறே? விட்டுட்டு அனுப்பு” என்றார். அதிலிருந்து தூக்கம் வரவில்லை. வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

டிக்கெட்404 · திங்கள், இரவு 11.02

தனியார் கம்பெனியில் இது நடக்காது என்று யாரும் கனவு காண வேண்டாம். போன மாதம் என் லேப்டாப் சார்ஜர் எரிந்துபோனது. ஐ.டி. பிரிவில் போய் நின்றால், டிக்கெட் போடுங்கள், டிக்கெட் இல்லாமல் எதையும் தர மாட்டோம் என்றார்கள். டிக்கெட் போட லேப்டாப் வேண்டும், லேப்டாப்பில் உயிர் இல்லை. பக்கத்து மேசைக்காரனிடம் சார்ஜரைக் கேட்டேன். “என் பேர்ல இஷ்யூ ஆனது ப்ரோ” என்றான். ஐந்து நிமிடத்துக்குக்கூடத் தரவில்லை. ஐந்து வருடமாக ஒரே மேசையில் சாப்பிடுகிறோம்.

பி.எஃப். கதையும் உண்டு. பழைய கம்பெனியில் அப்பா பெயரில் ஓர் எழுத்தை மாற்றிப் போட்டுவிட்டார்கள். திருத்துவதற்கு அந்தக் கம்பெனியே ஒப்புதல் தர வேண்டும். எட்டு மாதம் நடந்தேன். 2025 ஜனவரியில் விதியைத் தளர்த்தினார்கள், ஆதாரோடு இணைந்த யு.ஏ.என். (பி.எஃப். உறுப்பினர் எண்) 2017 அக்டோபர் 1 அல்லது அதற்குப் பிறகு வாங்கியதாக இருந்தால் நிறுவனத்தைக் கேட்காமல் நாமே திருத்திக்கொள்ளலாம். துள்ளிக் குதித்துப் போய்ப் பார்த்தேன். என்னுடையது 2016.

பழைய_சூப்பரிண்ட் · செவ்வாய், காலை 6.20

தம்பி புதுசீட், 34 வருடம் கோப்பு எழுதி ஓய்வு பெற்றவன் நான். உங்கள் பதிவை இரண்டு தடவை படித்தேன். ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். அந்தப் பதினான்கு மாதம் அவருக்குச் சம்பளம் யார் போட்டது?

மாறுதல் வேறு, மாற்றுப்பணி வேறு. மாறுதல் என்றால் ஆளோடு பணிப்பதிவேடும் போகும், சம்பளமும் புது இடத்தில். மாற்றுப்பணி என்றால் ஆள் மட்டும்தான் போவார், சம்பளம் பெரும்பாலும் தாய் அலுவலகத்தில்தான் போடுவார்கள். அப்படியானால் நீங்கள் கிளை அலுவலகத்தைத் துரத்தியதெல்லாம் வீண். உங்களுக்கு வேண்டியது உங்கள் கட்டடத்துக்குள்ளேயே இருக்கிறது.

இன்னொன்று. பணி சரிபார்ப்பு என்பது சம்பளப் பட்டியலையும், சம்பளம் கொடுத்துக் கையெழுத்து வாங்கும் பட்டுவாடாப் பதிவேட்டையும் பார்த்து எழுதுவது. உத்தரவைப் பார்த்து எழுதுவது அல்ல. உங்கள் கண்காணிப்பாளர் கேட்பது தவறான கதவுக்குச் சரியான சாவி.

உத்தரவுக் கோப்பு கிடைக்கும் என்று நம்பியிருக்க வேண்டாம். இரவுக் காவலரை மாற்றுப்பணியில் அனுப்பிய கோப்பைப் பெரும்பாலும் கே.டிஸ். போட்டுத்தான் முடித்திருப்பார்கள். முடித்த கோப்பை எத்தனை வருடம் வைத்திருப்பது என்பதற்கான குறி அது. கே.டிஸ். என்றால் மூன்று வருடம், டி.டிஸ். என்றால் பத்து. ஆர்.டிஸ். ஒன்றுதான் நிரந்தரம். வாட்ச்மேன் கோப்புக்கு யார் ஆர்.டிஸ். போடப் போகிறார்கள்? பவானிசாகரில் இதைப் பாடமாக நடத்துவார்கள். அப்போது சிரிப்பு வரும், இப்போது வராது.

வெயில்காலம் · செவ்வாய், காலை 9.48

இதற்கெல்லாம் இவ்வளவு பெரிய இழையா? அரசு ஆபீசில் ஒருத்தனும் வேலை செய்வதில்லை, அவ்வளவுதான் விஷயம். மாதம் பிறந்தால் சம்பளம், தட்டிக்கேட்க ஆள் கிடையாது. என் நிலப் பட்டாவுக்கு நான் அலைந்தது எனக்குத்தான் தெரியும். இப்போது உங்களுக்குள்ளேயே அலைகிறீர்கள். நல்லா அலையுங்கள்.

மூன்றாம்மேசை · செவ்வாய், இரவு 9.30

வெயில்காலம் சாருக்கு வணக்கம். உங்கள் பட்டாவுக்கு நான் பொறுப்பில்லை.

புதுசீட் தம்பி, நான் வேறு துறை, வேறு மாவட்டம். ஆனால் நீங்கள் திட்டுகிற அந்தக் கணக்குப் பிரிவு ஆள் நான்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் பிரிவில் ஐந்து சீட். ஆள் இரண்டு பேர். என் சீட்டோடு இன்னும் இரண்டு பொறுப்பு சீட் பார்க்கிறேன். சம்பளப் பட்டியல் கருவூலத்துக்குப் போகிற வாரத்தில் ஒருவருடைய பிடித்தம் தப்பாகப் போனால், மறுநாள் காலையில் அவர் என் மேசை முன்னால் நிற்பார். களஞ்சியம் என்கிற அரசு ஊழியர் செயலியில் விடுப்பு ஏறவில்லை என்றாலும் என்னிடம்தான் வருவார்கள், அதை நானே செய்த மாதிரி. அந்த நேரத்தில் ஒரு புதுத் தம்பி வந்து, ‘மேடம், 98ல் ஏதாவது இருக்கா கொஞ்சம் பாருங்களேன்’ என்றால் என் வாயிலும் ‘என் சீட் இல்லை’ என்றுதான் வரும்.

இன்னொரு காரணமும் இருக்கிறது, இதை இதுவரை எங்கும் எழுதியதில்லை. 2011இல் எங்கள் அலுவலகத்தில் ஒருவர் பதிவறையில் ஒரு பதிவேடு பார்க்க வேண்டும் என்றார். தெரிந்தவர்தானே என்று திறந்துவிட்டேன். எடுத்துப்போனார், கையெழுத்து வாங்கவில்லை. தணிக்கைக்கு அந்தப் பதிவேட்டைக் கேட்டபோது இடம் காலி. எடுத்தவர் யார் என்று ஆபீசில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் 17(அ), அதாவது சிறு தண்டனைக்கான ஒழுங்கு நடவடிக்கை, வந்தது எனக்கு. ஆறு மாத ஊதிய உயர்வு நிறுத்தம். பணம் பெரிதில்லை, பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் தள்ளிப்போனதுதான் வலி. அவர் போன வருடம் மாலை மரியாதையோடு ஓய்வு பெற்றார். நானும் மாலைக்குப் பணம் போட்டேன்.

அதனால் ஒன்று கேட்கிறேன். நான்கு தடவையும் வாயால் கேட்டீர்களா, எழுதிக் கேட்டீர்களா? எந்த வருடம், எந்த மாதம், எந்தப் பதிவேடு என்று குறித்துக் கேட்டீர்களா?

தணிக்கைக்கண் · புதன், மதியம் 1.40

பெயரிலேயே தெரியும், நான் அந்தப் பக்கத்து ஆள். எல்லா ஆபீசிலும் எங்களைப் பூச்சாண்டியாகக் காட்டித்தான் ‘முடியாது’ என்கிறார்கள். பாதி நேரம் நாங்கள் கேட்காத காகிதத்தைத்தான் எங்கள் பெயரைச் சொல்லிக் கேட்பார்கள்.

தணிக்கையில் நாங்கள் பார்ப்பது, முடிவு எடுத்தவர் எதை வைத்து எடுத்தார் என்பதைத்தான். ‘அசல் கிடைக்கவில்லை, இன்ன பதிவேட்டின் இன்ன பக்கத்தில் ஊதியம் பெற்றதற்கான கையெழுத்து உள்ளது, அதை வைத்துச் சரிபார்க்கப்பட்டது’ என்று குறிப்பில் எழுதி அலுவலர் ஒப்பமிட்டிருந்தால், நான் ஒரு டிக் போட்டுவிட்டு அடுத்த பக்கம் போவேன். ஒன்றும் எழுதாமல் பதிவு மட்டும் போட்டிருந்தால்தான் ஆட்சேபணைப் பத்தி எழுதுவேன்.

ஊழியருக்குக் கூடுதலாகக் கொடுத்தால் பிடிப்பார்களே என்று பயப்படுபவர்களுக்கும் ஒரு தகவல். 2014 டிசம்பரில் ரஃபிக் மசி வழக்கில், ஊழியர் தப்பு எதுவும் செய்யாமல் அதிகமாகப் போய்ச்சேர்ந்த பணத்தை மூன்றாம், நான்காம் நிலை ஊழியர்களிடமிருந்தும் ஓய்வுபெற்றவர்களிடமிருந்தும் பிடிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பல ஆபீசில் இன்னும் அது தெரியாமலே பயந்துகொண்டிருக்கிறார்கள்.

பழைய_சூப்பரிண்ட் · புதன், மாலை 5.05

தணிக்கைக்கண் சார், நீங்கள் சொல்வது ஊழியருக்குச் சரி. ஒப்பமிட்டவன் கதி? கணக்குத் தேர்வு எழுதித் தேறாத ஒருவருக்கு, தேறிவிட்டார் என்று வாய்மொழியாகச் சொன்னதை நம்பி ஒரு பலனை அனுமதித்துக் குறிப்பு வைத்தேன். நல்ல பையன், கல்யாணம் வேறு நிச்சயமாகியிருந்தது. ஒன்பது வருடம் கழித்துக் கண்டுபிடித்தார்கள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் பணிக்கொடை பதினொரு மாதம் நின்றது. மகள் கல்லூரிக் கட்டணத்துக்கு மைத்துனரிடம் கைநீட்டினேன். கடைசியில் வந்தது, வட்டி இல்லாமல்.

அதன் பிறகு இளநிலைகள் யாராவது என் மேசைக்கு வந்து ‘சார், பாவம் சார்’ என்று ஆரம்பித்தால் எனக்குக் காது அடைத்துக்கொள்ளும். புதுசீட் தம்பியின் கண்காணிப்பாளருக்கும் இப்படி ஏதாவது இருக்கும். இல்லாமலும் இருக்கலாம், வெறும் சோம்பேறியாகவும் இருக்கலாம். ஓய்வு பெற இன்னும் எத்தனை மாதம் என்று கேட்டுப் பாருங்கள். ஆறு மாதம் இருப்பவரிடமிருந்து கையெழுத்து வாங்குவது கிணற்றுத் தவளையை மரம் ஏறச்சொல்வது.

புதுசீட் · புதன், இரவு 10.50

அவர் ஓய்வு பெற இன்னும் எட்டு மாதம் இருக்கிறது ஐயா. எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

காவலர் அண்ணனிடம் இன்று கேட்டேன். சம்பளம் வாங்க மாதாமாதம் முதல் தேதி பஸ் பிடித்து இங்கேதான் வந்தாராம். “அங்க டூட்டி முடிச்சிட்டு விடியக்காலம் பஸ் ஏறி வருவேன். இங்க கையெழுத்துப் போட்டு வாங்கிட்டு, அப்படியே சந்தையில அரிசி வாங்கிட்டுப் போவேன்.” இதை நான் முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். மாற்றுப்பணி என்ற சொல்லைக் கேட்டதும் உத்தரவைத் தேடி ஓடினேனே தவிர, அவர் சம்பளம் எங்கே வாங்கினார் என்று யோசிக்கவே இல்லை. மூன்று மாதம் போச்சு.

மூன்றாம்மேசை அக்கா, வாயால்தான் கேட்டேன். எழுதிக் கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று தயக்கம். ஒரே அறைக்குள் பத்தடி தூரத்தில் இருப்பவருக்குக் காகிதம் அனுப்புவது என்னவோ போலிருந்தது.

கண்காணிப்பாளரிடம் மட்டும் இன்று கொஞ்சம் துணிந்தேன். “சார், அசல் உத்தரவு வேணும்னு எந்த விதியில இருக்கு? குறிப்புல எழுதிக்கிறேன்” என்றேன். பணிவாகத்தான் கேட்டேன். அவர் ஒரு நிமிடம் பார்த்தார். “எப்பவும் அப்படித்தான் பாக்குறது” என்றார். விதி இல்லை. வழக்கம்தான்.

கந்தோர்காரன் · வியாழன், காலை 7.15

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்களிடம் கந்தோர் என்பது பழைய சொல், கச்சேரியிலும் அதே கூத்துத்தான். உங்களிடம் கோப்பு, எங்களிடம் கோவை, அவ்வளவே வித்தியாசம். எதைக் கேட்டாலும் ‘தாபன விதிக்கோவையில் இல்லை’ என்பார்கள். அந்தப் புத்தகத்தைத் திறந்து பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று தெரியாது. எனது பகுதியில் ஒரு மூத்த அக்கா இருந்தவ. யாராவது ‘விதியில் இல்லை’ என்றால், அலுமாரியைத் திறந்து அந்தத் தடித்த புத்தகத்தை எடுத்து அவர்களின் மேசையில் வைத்து, ‘எந்தப் பந்தி எண்டு காட்டுங்கோ தம்பி, நானும் படிக்கிறன்’ என்பா. சத்தம் போட மாட்டா. அரைவாசிப் பேர் அதோடு கையெழுத்து வைத்துவிடுவார்கள். மிச்ச அரைவாசிக்கு அவவிலை கோபம், அது வேறு கதை.

போர்க்காலத்தில் ஆவணம் தொலைத்தவர்களுக்கு அசல் கேட்டு அலைக்கழித்ததையும் கண்டிருக்கிறேன். அதை இங்கே விரிக்க விரும்பவில்லை.

டிக்கெட்404 · வியாழன், காலை 11.30

காகிதம் போடாதே தம்பி, பகை வரும். சனிக்கிழமை மதியம் நல்ல பிரியாணி ஒன்று வாங்கிக் கொடுத்து, சாவியை வாங்கு. எங்கள் ஆபீசில் ஐ.டி. பையனுக்கு ஒரு காபி வாங்கிக் கொடுத்த பிறகுதான் எனக்குச் சார்ஜர் வந்தது. டிக்கெட் இன்னும் திறந்தே கிடக்கிறது.

தணிக்கைக்கண் · வியாழன், மதியம் 1.15

பிரியாணி கொடுத்து எடுத்த பதிவேட்டை எந்தக் குறிப்பில் எழுதுவார்? பேசாமல் காவலரை விட்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடச் சொல்லுங்கள். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை, முப்பது நாளில் பதில் சொல்லியாக வேண்டும். 1998 பட்டுவாடாப் பதிவேட்டின் நகல், இல்லையென்றால் அழித்ததற்கான பதிவின் நகல் என்று இரண்டையும் கேட்டால் தப்பிக்க இடமில்லை.

மூன்றாம்மேசை · வியாழன், இரவு 8.55

வேண்டவே வேண்டாம். ஓய்வு பெறப் போகிறவர் சொந்த ஆபீஸ் மேல் தகவல் உரிமை மனு போட்டால், அதற்கப்புறம் அவர் கோப்பில் காற்புள்ளிக்குக்கூடக் கேள்வி வரும். அது கடைசி ஆயுதம். முதலில் பத்தடி தூரத்துக்கு ஒரு குறிப்பு அனுப்புங்கள்.

எழுதிக் கேட்டால் கோபம் வரும் என்கிறீர்கள். எனக்கு வராது. எழுதிக் கேட்டால்தான் எனக்குப் பாதுகாப்பு. ‘பணியமைப்புப் பிரிவின் இன்ன தேதிக் குறிப்பின்படி பதிவறை திறக்கப்பட்டது’ என்று நானும் ஒரு வரி எழுதிக்கொள்வேன். அலுவலர் ஒப்பம் மேலே இருந்தால் இன்னும் நல்லது. கண்காணிப்பாளர் வழியாகவே வையுங்கள். ‘அசல் உத்தரவு கிடைக்கப்பெறவில்லை’ என்று மட்டும் எழுதி நிறுத்தாமல், அடுத்து என்ன செய்யலாம் என்பதையும் நீங்களே எழுதி வையுங்கள். அவருக்கு வேண்டியது ‘ஆம்’ என்று ஒப்பமிட ஒரு இடம்.

அப்புறம், காவலரிடம் பழைய ஜி.பி.எஃப். (அரசு ஊழியர் வைப்பு நிதி) கணக்குச் சீட்டு ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள். சம்பளம் போடாத மாதத்தில் சந்தா பிடிக்க முடியாது. பிடித்தது வரவாகாமல் இருந்தால் விடுபட்ட வரவு என்று அதிலேயே காட்டும். என் அனுபவத்தில் கடைநிலை ஊழியர்கள்தான் அந்தச் சீட்டைப் பத்திரமாக வைத்திருப்பார்கள். அலுவலர்கள் தொலைத்துவிடுவார்கள்.

பழைய_சூப்பரிண்ட் · வியாழன், இரவு 9.40

இந்த அம்மா என் பிரிவில் இருந்திருந்தால் எனக்கு ரத்தக் கொதிப்பு வந்திருக்காது.

புதுசீட் · மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 6.10

தாமதத்துக்கு மன்னிக்கவும். நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

கணக்குச் சீட்டைக் கேட்ட மறுநாள் காவலர் அண்ணன் ஒரு மஞ்சள் பை கொண்டுவந்தார். வீட்டுத் தகரப் பெட்டியில் ரேஷன் கார்டுக்கு அடியில் வைத்திருந்தாராம். 1996லிருந்து ஒவ்வொரு வருடத்துச் சீட்டும், நான்காக மடித்து, ரப்பர் பேண்டு போட்டு. ரப்பர் பேண்டு உருகித் தாளோடு ஒட்டிப்போயிருந்தது. 97–98, 98–99 இரண்டும் இருந்தன. ஒரு மாதம்கூட விடுபடவில்லை. “இதெல்லாம் எதுக்குண்ணே வச்சிருக்கீங்க?” என்றேன். “கவர்மெண்டு குடுத்த காயிதம், தூக்கிப் போடலாமா சார்?” என்றார்.

அதைக் கொண்டுபோய்க் கண்காணிப்பாளரிடம் காட்டினேன். “இது துணைச் சான்றுதான். நேர்ச் சான்று இல்ல” என்றார். அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தில் ஏதாவது சொல்லியிருப்பேன். வாயை மூடிக்கொண்டு வந்து, அக்கா சொன்ன மாதிரி குறிப்பு எழுத உட்கார்ந்தேன். மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். கடைசியில் ஒன்றரைப் பக்கம். உத்தரவு கிடைக்காத விவரம், மாற்றுப்பணிக் காலத்திலும் ஊதியம் இந்த அலுவலகத்திலேயே வழங்கப்பட்டது என்று ஊழியர் தெரிவிப்பது, வைப்பு நிதிச் சீட்டு அதற்குத் துணையாக இருப்பது, ஆகவே 2/1998 முதல் 3/1999 வரையிலான பட்டுவாடாப் பதிவேட்டைப் பதிவறையிலிருந்து எடுத்துச் சரிபார்க்க அனுமதிக்கலாம் என்பது. கண்காணிப்பாளர் இரண்டு நாள் வைத்திருந்தார். மூன்றாம் நாள் ‘ஆணைக்கு’ என்று மட்டும் எழுதி மேலே தள்ளினார். அலுவலர் பச்சை மையில் ‘ஆம்’ என்று எழுதி அனுப்பினார். ஒரு சொல்தான்.

கணக்குப் பிரிவு மேடத்தின் மேசையில் அதை வைத்தேன். படித்தார். முதல் தடவையாகக் கம்ப்யூட்டரை விட்டு நிமிர்ந்து பார்த்தார். “இதை முதல்லயே குடுத்திருக்கலாம்ல?” என்றார். அவ்வளவுதான், வேறொன்றும் இல்லை. மதியம் சாவியோடு அவரே கூட வந்தார்.

பதிவறையை நீங்கள் பார்க்க வேண்டும். சிவப்புத் துணியில் கட்டிய மூட்டைகள் கூரை வரைக்கும். ஒரு ஜன்னலில் புறா குடும்பம் நடத்துகிறது. இரண்டு பேரும் மூக்கில் துணி கட்டிக்கொண்டு நான்கு மணி வரைக்கும் தேடினோம். மேடத்துக்கு ஆஸ்துமா உண்டு என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். நடுநடுவே வெளியே போய் இன்ஹேலர் அடித்துக்கொண்டு வந்தார். நான்கு தடவை ‘முடியாது’ என்றபோது இதைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

1998–99 பதிவேடு கிடைத்தது. பன்னிரண்டு மாதம் சுத்தமாக இருக்கிறது, ஒவ்வொன்றிலும் வருவாய் முத்திரை மேல் அவர் கையெழுத்து. எழுத்துக்கூட்டிப் போட்ட கையெழுத்து, இன்றைக்கும் அதே மாதிரிதான் போடுகிறார். மற்ற இரண்டு மாதத்துப் பக்கங்களைக் கரையான் தின்றுவிட்டது, மேல் பாதி மட்டும் மிச்சம். அந்த இரண்டு மாதத்துக்கு வைப்பு நிதிச் சீட்டைக் குறிப்பிட்டு எழுதினேன். கண்காணிப்பாளர் படித்துவிட்டு, “இத எழுதினது நீதானே? கேட்டா நீதான் பதில் சொல்லணும்” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். சரி சார் என்றேன்.

சரிபார்ப்புப் பதிவு ஏறிவிட்டது. கருத்துரு போன வெள்ளிக்கிழமை சென்னைக்குப் போயிற்று. மே மாதத்துக்குள் வருமா தெரியாது. வராவிட்டால் தற்காலிக ஓய்வூதியம் கேட்டு எழுத வேண்டும். அதற்கான மாதிரிப் படிவம் யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள்.

வெயில்காலம் · ஞாயிறு, இரவு 7.30

சரி, வாழ்த்துகள். என் பட்டாவும் 98 கேஸ்தான். அந்த ஆபீசிலும் ஒரு மேடம்தான் சாவி வைத்திருக்கிறார். நான் எழுதிக் கொடுத்தால் எடுப்பார்களா?

பழைய_சூப்பரிண்ட் · ஞாயிறு, இரவு 8.10

வெயில்காலம், எழுதிக் கொடுங்கள். தேதியும் சர்வே எண்ணும் போட்டு, ஒப்புதல் முத்திரை வாங்கிக்கொண்டு. ‘ஒருத்தனும் வேலை செய்வதில்லை’ என்ற வரியை மட்டும் விட்டுவிடுங்கள்.

தம்பி, படிவம் தனியாக அனுப்புகிறேன். மாநிலக் கணக்காயரிடமிருந்து ஒரு கேள்வியாவது வரும், எதிர்பார்த்திருங்கள். பெரும்பாலும் தலைப்பெழுத்தில் வரும். பணிப்பதிவேட்டிலும் ஆதாரிலும் வங்கிப் புத்தகத்திலும் அவர் அப்பா பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

மூன்றாம்மேசை · ஞாயிறு, இரவு 9.20

நல்லது தம்பி. அந்த மேடத்துக்கு என் வணக்கம் சொல்லுங்கள்.

ஒன்று கேட்க வேண்டும். பதிவேட்டைப் பதிவறையில் திரும்ப வைத்தாயிற்றா?

புதுசீட் · ஞாயிறு, இரவு 9.32

இல்லை அக்கா. என் மேசைக்குக் கீழே இருக்கிறது.

மூன்றாம்மேசை · ஞாயிறு, இரவு 9.34

எடுக்கும்போது கையெழுத்துப் போட்டீர்களா?

புதுசீட் · ஞாயிறு, இரவு 9.41

மேடம் கேட்கவில்லை. நானும் போடவில்லை.

மூன்றாம்மேசை · ஞாயிறு, இரவு 9.43

நாளைக் காலையில் முதல் வேலையாக எடுத்த தேதி போட்டுக் கையெழுத்து, கொடுத்த தேதி போட்டு இன்னொரு கையெழுத்து. அவர் வேண்டாம் என்றாலும் போடுங்கள்.

புதுசீட் · திங்கள், காலை 10.20

போட்டுவிட்டேன் அக்கா. சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு அவரே வந்து வைத்தார். ஆதாரில் தலைப்பெழுத்து மு., பணிப்பதிவேட்டில் எம். இப்போது கண்காணிப்பாளரிடம் போகிறேன்.